பிடரியிலிருந்து நெற்றிக்கு: இஸ்தான்புல்லில் ஐந்து நாட்கள்

முதல் நாள், புதன்

காலையில் மியூனிக்கில் விமானம் ஏறினேன், மதியச் சாப்பாட்டுக்கு இஸ்தான்புல் வந்துவிட்டேன். பறக்கும் நேரம் மூன்று மணிக்கும் குறைவுதான். நவம்பரில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். விமான நிலைய வெளிவாசலில் பெயர் அட்டை பிடித்து நின்றவர்களில் நிறையப் பேர் முடி மாற்று மருத்துவமனைகளின் ஓட்டுநர்கள். என் பெயரைப் பிடித்திருந்தவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, வண்டிக் கதவைத் திறந்தபடி தன் தலையைத் தொட்டுக் காட்டி "கவனம்" என்பதுபோல் சைகை செய்தார். இப்போதே எதற்கு என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போதுதான் அதன் அர்த்தம் புரியும் என்றார் வண்டியிலிருந்த இன்னொருவர்.

விசா பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் ஜெர்மனியின் வதிவிட அட்டை இருப்பதால் இணையத்திலேயே இ-விசா கிடைத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வதிவிட அட்டையோ இருந்தால் இதே வசதி உண்டு. அது இல்லாமல் ஊரிலிருந்து நேராக வருபவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து பாஸ்போர்ட்டில் விசா குத்தி வாங்க வேண்டும்.

எனக்கு வயது 36. நெற்றி ஏறத் தொடங்கியது 25-ல். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வழுக்கை, அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் வழுக்கை. இது தாய்வழியில் மட்டும்தான் வரும் என்று ஊரில் சொல்வார்கள், அது சரியில்லை, இரண்டு பக்கமிருந்தும் வரும். பத்து வருடமாக எந்தப் போட்டோவிலும் பின்வரிசையில்தான் நிற்கிறேன். போன வருடம் அக்கா மகள் சடங்கில் அது முடியவில்லை. தாய்மாமன் முன்னால்தான் நின்றாக வேண்டும். ஆல்பம் வந்தபோது அக்கா மகளைப் பார்ப்பதற்கு முன் என் நெற்றியைத்தான் பார்த்தேன். அந்தக் குழந்தையின் நாளில் என் மனம் போன இடத்தை நினைத்து வருத்தமாக இருந்தது. பிடரி முடியை எடுத்து நெற்றியில் நடும் சிகிச்சையைச் செய்துகொள்வது என்று அன்று இரவு முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகும் ஒரு வருடம் காத்திருந்தேன். காரணம் அத்தான். ஆறு வருடங்களுக்கு முன் அவர் ஒரு பெரிய நகரத்தில், மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்த நிலையத்தில் இதைச் செய்துகொண்டார். மருத்துவரை அவர் பார்த்தது பணம் கட்டிய அன்று மட்டும்தான். மற்றதெல்லாம் இரண்டு பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் பாதிதான் முளைத்தது. பின்னால் அளவுக்கு மீறி எடுத்ததில் பிடரி முழுக்கத் திட்டுத் திட்டாக, கறையான் அரித்த பலகை மாதிரி ஆகிவிட்டது. இப்போது முடி வெட்டப் போனால் ஒட்ட வெட்ட விடமாட்டார். போன வாரம் போனில் சொன்னார்: "மாப்ள, முன்னாடி எத்தன வைக்கான்னு கேக்காத. பின்னாடி எத்தன மிச்சம் வைக்கான்னு கேளு."

இந்தப் பயணத்துக்கு நான் கொண்டுவந்த கேள்வி அது ஒன்றுதான்.

மாலையில் கலாட்டா பாலம் வரை போனேன். பாலத்தின் இரண்டு பக்கமும் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். கீழே கடல் கரும்பச்சையாக இருந்தது. இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி கிளாஸில் தேநீர், பால் கிடையாது. எள் ஒட்டிய சிமித் வளையம் ஒன்று. தேநீர்க்கடைப் பெரியவர் என் தலையைப் பார்த்துவிட்டு "சாச் எக்கிமி?" என்றார். சாச் என்றால் முடி. எக்கிமி என்ற சொல் விதைப்பது, நடுவது என்ற பொருளில் வருமாம். எங்கள் வயல் தாமிரபரணிப் பாசனம். நாற்றங்காலில் பறித்து முடிச்சு கட்டி, சேற்றில் நடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு. நெல்லுக்கு அடுத்த வருடமும் விதை இருக்கும். இங்கே நாற்றங்கால் ஒன்றே ஒன்று, பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது.

இரண்டாம் நாள், வியாழன்

சிகிச்சை நாள். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இதற்காகத் தேடியபோது தமிழில் எனக்கு விளம்பரங்களே கிடைத்தன.

காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ரத்த அணுக்கள், உறையும் தன்மை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி. ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், மது, புகை எல்லாவற்றையும் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த இதய மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது, அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

போட்டோக்களை மட்டும் வைத்து வாட்ஸப்பில் ஒருங்கிணைப்பாளர் எனக்குச் சொன்ன எண்ணிக்கை 4,000 கிராஃப்ட். கிராஃப்ட் என்பது ஒற்றை முடி இல்லை. தோலுக்குள் முடிகள் ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்து ஒரு கொத்தாக வளர்கின்றன. அந்தக் கொத்துதான் கிராஃப்ட். 4,000 கிராஃப்ட் என்றால் 8,000 முடிக்கு மேல் வரலாம். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரு இடத்தில் கிராஃப்ட் கணக்கு, இன்னொரு இடத்தில் முடிக் கணக்கு. விலையை ஒப்பிடும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும் பெண்மணி. உருப்பெருக்கிக் கருவியைப் பிடரியில் வைத்து வைத்துப் பார்த்தார். நான் அத்தானின் கேள்வியைக் கேட்டேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. பிடரியில் சதுர சென்டிமீட்டருக்கு 65 முதல் 85 கொத்துகள் வரை இருக்கும். அதில் ஒரு பங்கை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது, அதைத் தாண்டினால் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது ஏறக்குறைய 4,000 முதல் 6,000 வரைதான். வழுக்கை எவ்வளவு என்று சொல்லும் நார்வுட் அளவுகோலில் எனக்கு நான்காம் நிலை, மொத்தம் ஏழு. 36 வயதில் 4,000-ஐ எடுத்துவிட்டால், 50 வயதில் உச்சி காலியாகும்போது கையில் எதுவும் இருக்காது. "முன்பக்கத்துக்கு 2,600 போதும். உச்சியை இப்போது தொட வேண்டாம், மருந்தால் பிடித்து நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

எண்ணிக்கை குறைந்தால் அவர்களுக்கு வருமானமும் குறையும். குறைக்கச் சொல்லும் மருத்துவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஆன செலவு மொத்தம் 2,800 யூரோ. ஹோட்டலும் வண்டியும் அதில் அடக்கம்.

இடம் மாற்றி நட்ட முடி ஏன் கொட்டுவதில்லை என்றும் கேட்டேன். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. பிடரி வேர்கள் அதற்கு அசைவதில்லை. நெற்றிக்குக் கொண்டுபோனாலும் அந்தக் குணத்தை விடுவதில்லை. இதை நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் செய்து காட்டி 1959-ல் எழுதினார். அதற்கு முன்பே, 1939-ல் ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர், தழும்பால் முடி போன இடங்களில் சின்ன வட்டத் துண்டுகளாக முடியை நட்டுப் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்தது நெற்றிக்கோடு. பேனாவால் வரைந்து கண்ணாடியைக் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் கீழே வேண்டும் என்று ஆசை. மருத்துவர் புருவத்துக்கு மேல் நான்கு விரல் வைத்துக் காட்டி, "60 வயதிலும் இந்தக் கோடு உங்கள் முகத்துக்குப் பொருந்த வேண்டும்" என்றார். கோடும் நேர்கோடு இல்லை, லேசாக நெளிய விட்டிருந்தார். அளவுகோல் வைத்த மாதிரி இருந்தால் நட்டது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

தலையை மழித்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது திருச்செந்தூரில் மொட்டை போட்டு, கடலில் முழுகி எழுந்த ஏழு வயசுப் பையன் ஞாபகம்.

இனி வலி. மொத்தச் சிகிச்சையிலும் வலி என்று சொல்ல வேண்டியது மரப்பு ஊசி போடும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். பிடரி முழுக்க, பிறகு நெற்றி முழுக்க, சின்னச் சின்னதாக நிறைய ஊசி. தேள்கடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து லிடோகைன், கூடவே ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின். அதனால் நெஞ்சு கொஞ்ச நேரம் படபடக்கும். முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை.

அம்மா பயந்ததும் இந்த ஊசிக்குத்தான். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோன செய்தியை அவள் இன்னும் மறக்கவில்லை. நான் கிளம்பும் முன் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டு வாங்கினேன்: இதயத்துடிப்பு பார்க்கும் மானிட்டரும் ஆக்ஸிஜனும் அந்த அறையிலேயே இருக்குமா, மருத்துவர் முழு நேரமும் கட்டடத்தில் இருப்பாரா. இந்தியாவிலும் 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது போதாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. துருக்கியில் சுகாதார அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாதியோ டெக்னீஷியனோ உதவலாம், அது எல்லா ஊரிலும் நடப்பது. தோலைக் கீறுவது யார் கை என்பதைத்தான் கேட்க வேண்டும்.

முதல் பாதி எடுப்பது. குப்புறப் படுக்க வேண்டும், முகத்துக்கு ஓட்டை வைத்த மேசை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய் முனை சுழன்று ஒவ்வொரு கொத்தையும் சுற்றி வெட்டும், இன்னொருவர் இடுக்கியால் இழுத்து எடுப்பார். வலி இல்லை, ஆனால் மண்டைக்குள் சத்தம் கேட்கும், உலர்ந்த மண்ணில் களை பிடுங்குகிற மாதிரி ஒரு "நறுக்". எடுத்ததைக் குளிர்ந்த உப்புநீர்த் தட்டில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக்கொண்டே போனார்கள். வெளியே வந்த வேருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, காய்ந்தால் போச்சு. மூன்று மணி நேரம். கழுத்து வலித்ததைத்தான் சொல்ல வேண்டும்.

இடையில் பருப்பு சூப்பும் சோறும் கொடுத்தார்கள். துருக்கியின் மெர்ஜிமெக் சூப் நம்ம ஊர் பருப்புக் கடையலுக்குத் தூரத்துச் சொந்தம். எலுமிச்சை பிழிந்து குடித்தால் தெம்பு வந்துவிடுகிறது.

பிறகு மருத்துவர் நெற்றியில் துளை கீறினார். நீலக்கல் கத்தி என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். பேனா போன்ற கருவியால் நடும் டிஎச்ஐ முறைக்குத் தனிக் கட்டணம் கேட்டு காலையில் ஒருவர் வந்தார். மருத்துவரிடமே கேட்டேன். "கருவி எதுவானாலும், எந்தக் கோணத்தில், எந்தத் திசையில் கீறுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்" என்றார். முன்வரிசைக்கு ஒற்றை முடிக் கொத்துகள், பின்னால் போகப் போக இரண்டு, மூன்று முடிக் கொத்துகள். எல்லாம் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், காதோரப் பொட்டுப் பக்கம் கீழ்நோக்கி. செங்குத்தாக நட்டால் பொம்மை முடி.

கடைசி மூன்று மணி நேரம் நடவு. இரண்டு தாதிகள் இரண்டு பக்கமும் குனிந்து, பேசாமல் நட்டார்கள். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. மாலை ஆறரைக்கு எண்ணிக்கையைச் சொன்னார்கள்: 2,640.

பிடரியில் கட்டு, நெற்றியில் ஒரு பட்டை. ஹோட்டலுக்கு வந்து, கழுத்துத் தலையணை மாட்டி, முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூக்கம். நட்ட இடம் எதிலும் படக் கூடாது. அரைகுறைத் தூக்கம்தான்.

மூன்றாம் நாள், வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். பிடரி முழுக்கச் சிவந்த புள்ளிகள். "தழும்பே இருக்காது" என்று போடுகிறார்களே, அது உண்மையில்லை. இந்த முறையில் நீளக் கோடு இருக்காது, சின்னப் புள்ளித் தழும்புகள் இருக்கும். மேலே முடி வளர்ந்தால் மறைந்துவிடும்.

அம்மா வீடியோவில் வந்தாள். சிவந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் முகம் வாடியது. "எய்யா, எரியுமே, கொஞ்சம் சந்தனம் கொழச்சிப் பூசிக்கிடேன்." மொட்டை போட்டால் சந்தனம் என்பதுதானே அவளுக்குத் தெரிந்த வைத்தியம். இதில் எதுவுமே பூசக் கூடாதும்மா, அவங்க கொடுத்த உப்புநீரைத் தெளிக்க மட்டும்தான் செய்யணும் என்று விளக்கினேன். சந்தனம், எண்ணெய், மஞ்சள் எதுவும் இந்த இரண்டு வாரத்துக்குக் கூடாது.

சட்டை விஷயம் சொல்ல விட்டுவிட்டது. தலை வழியாகக் கழற்றும் டி-ஷர்ட்டை ஊரிலேயே வைத்துவிடுங்கள். முன்னால் பட்டன் போட்ட சட்டை மட்டும் கொண்டுவாருங்கள்.

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, வீக்கத்துக்கு ஒரு மாத்திரை.

நான்காம் நாள், சனி

முதல் கழுவல். நுரை மருந்தைத் தலையில் ஒற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கோப்பையில் எடுத்து மெதுவாக ஊற்றினார்கள். தேய்ப்பதே கிடையாது, விரல் நுனியால் ஒற்றுவது மட்டும். அந்தத் தாதி என் கையைப் பிடித்து, எவ்வளவு அழுத்தலாம் என்று என் முன்கையிலேயே தொட்டுக் காட்டினார். இனி பத்து நாள் நானே செய்ய வேண்டும் என்பதால், வீடியோ எடுத்துக்கொண்டேன்.

மதியம் வெயில் அடித்ததும், அவர்கள் தந்த தளர்வான தொப்பியோடு சுலைமானியே மசூதிக்குப் போனேன். 1550-களில் சினான் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. வாசலில் காலணி கழற்றும்போதுதான் சிக்கல்: குனியக் கூடாது. குனிந்தால் வீக்கம் முகத்துக்கு இறங்கும், ரத்தமும் கசியலாம். நான் தயங்கி நின்றதைப் பார்த்து ஒரு முதியவர் தன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்து கழற்றினேன். "கெச்மிஷ் ஒல்சுன்" என்றார். நோயிலிருப்பவரிடம் இங்கே இப்படித்தான் சொல்வார்களாம். கடந்துபோனதாக இருக்கட்டும் என்று பொருள். உள்ளே கம்பளத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய குவிமாடத்துக்குக் கீழே யாரும் யார் தலையையும் பார்க்கவில்லை.

துருக்கியக் குளியலான ஹமாமுக்குப் போக ஆசைப்பட்டிருந்தேன். ஆவிக் குளியல், நீச்சல் எல்லாம் ஒரு மாதத்துக்குக் கிடையாது. வருபவர்கள் அதைச் சிகிச்சைக்கு முந்தின நாளே முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையில் எழுந்தால் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கியிருந்தது. இடது கண் பாதிதான் திறந்தது. இது வரும், மூன்று நான்கு நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் கண்ணாடியில் பார்த்தபோது பதறியது. செவ்வாய்க்கிழமைக்குள் வடியாவிட்டாலோ, காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி என்று ஏதாவது இருந்தாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று எண் கொடுத்தார்கள்.

வண்டியில் ஏறும்போது ஓட்டுநர் மறுபடியும் தலையைத் தொட்டுக் காட்டினார். இந்த முறை ஒரு கையைக் கதவின் மேல்விளிம்பில் வைத்துக்கொண்டே என்னை ஏற்றினார். அவர் வண்டியில் எத்தனை பேர் இடித்துக்கொண்டு நட்ட வேரை இழந்திருப்பார்களோ.

புறப்பாட்டு வாசலில் கருப்புப் பட்டை கட்டிய தலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் இருந்த பையனுக்கு 22 வயது என்றான். 4,500 கிராஃப்ட். மருத்துவர் பெயர் கேட்டேன், தெரியவில்லை. அவனுக்கு வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. பிடரியைப் பார்த்தேன். எதுவும் சொல்ல மனம் வரவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

பதினோராம் நாள், மியூனிக்

பொருக்குகள் இன்று கடைசியாக உதிர்ந்தன. பத்தாம் நாளிலிருந்து ஊறவைத்து வட்டமாக லேசாகத் தடவச் சொன்னார்கள். நகத்தால் எடுக்கவில்லை. நட்ட முடிகள் குட்டையாக நிற்கின்றன, தோல் இளஞ்சிவப்பு. அலுவலகத்துக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

மருந்தும் ஆரம்பித்தேன். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம், தினமும். நட்டதைக் காப்பதற்கு இல்லை, உச்சியில் மிச்சம் இருப்பதைக் காப்பதற்கு. சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். அதையெல்லாம் மருத்துவரிடம் கூச்சமில்லாமல் பேசிவிட்டுத்தான் தொடங்கினேன். நான் வருடத்துக்கு இரண்டு முறை ரத்தம் கொடுப்பவன். மாத்திரை சாப்பிடும்வரை அது முடியாது, நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். கர்ப்பிணிக்கு அந்த ரத்தம் போனால் வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். இதை விளம்பரம் எதிலும் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் நாள்

மூன்று நாளாக நட்ட முடி கொட்டுகிறது. தலையணை உறையில், குளியலறைத் தரையில், எங்கும் குட்டி முடிகள். இதற்குத்தான் நிறையப் பேர் மனம் உடைந்துபோகிறார்கள். வேர் உள்ளேயே இருக்கிறது, முடித்தண்டு மட்டும் உதிர்கிறது. நட்ட நாற்று முதலில் சாய்ந்து பழுத்துத்தான் பச்சை பிடிக்கும். புது முடி மூன்று நான்கு மாதத்தில் எட்டிப் பார்க்கும், ஆறாம் மாதம் பாதி தெரியும், முழு விளைச்சலுக்கு ஒரு வருடம். எல்லாம் தெரிந்தும், இன்று காலை உறையை உதறும்போது கை நின்றது.

மதியம் அத்தான் கூப்பிட்டார். கேமராவை முன்னால் நீட்டினேன். "அது கெடக்கட்டும், திரும்பு" என்றார்.

திரும்பி நின்றேன். பின்னால் முடி கொஞ்சம் வளர்ந்து புள்ளிகளை மூடியிருந்தது. அவர் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கிட்டக் காட்டு."

காட்டினேன். பக்கத்தில் அக்கா என்னவோ கேட்பதும், அவர் "இரு" என்பதும் கேட்டது.

"சரி மாப்ள. நெறைய மிச்சம் வச்சிருக்காங்க."